போர் துவங்கின முதல் மூண்டு நாள்: எண்ணிக்கையும் பழியும் சனமும்

வணக்கம் உறவுகளே. எங்கையாவது ஒரு சண்டை துவங்கினவுடனை எங்கடை ரெலிபோனுக்கு ரெண்டு விசயம் வந்து விழும். எத்தினை சனம் செத்தது எண்ட எண்ணிக்கை ஒண்டு, ஆர் செய்தது எண்ட பழி மற்றது. இண்டைக்கு இந்த ரெண்டையும் எப்பிடிச் சரிபாக்கிறது, சரிபாக்காமல் விட்டால் அது ஆற்றை தலையிலை விடியுது எண்டு கதைக்கப் போறன்.

உதாரணத்துக்கு 2008 ஜோர்ஜியாச் சண்டையை எடுக்கிறன். அதிலை விசாரணை முடிஞ்சு அறிக்கையும் தீர்ப்பும் வந்திட்டுது. முதல் நாள் சொன்னதையும் பிறகு நிரூபிச்சதையும் பக்கத்திலை வைச்சுப் பாக்கலாம். இப்ப நடந்துகொண்டிருக்கிற சண்டைகளிலை அது ஏலாது.

தென் ஒசேத்தியா எண்டது ஜோர்ஜியாவிலை இருந்து பிரிஞ்சு நிண்ட ஒரு சின்னப் பகுதி. தலைநகர் ஸ்கின்வாலி. 2008 ஓகஸ்ட் 7 இரவு ஜோர்ஜிய ஆமி அந்த நகரத்துக்குச் செல் அடிக்கத் துவங்கினது. கிராட் ரொக்கெட்டும் அடிச்சது. எங்கடை ஆக்களுக்கு மல்ரிபரல் எண்டால் விளங்கும், அதே சாதிதான். ஒரு லொறியிலை 40 குழாய், 20 செக்கனிலை எல்லாம் போய் முடிஞ்சிடும். அதாலை ஒரு கட்டடத்தைக் குறிவைச்சு அடிக்கேலாது, ஒரு பரப்பை மூடத்தான் ஏலும். ஊர்மனைக்கு அதை அடிக்கிறவனுக்கு வீடுகளிலை படும் எண்டு முதலே தெரியும். அங்கத்தை ஆஸ்பத்திரியிலையும் பட்டது. காயக்காரரை நிலவறைக்கு இறக்கி, அங்கை வைச்சுத்தான் வைத்தியம் செய்தவை. பிறகு தென் ஒசேத்தியாப் பக்கம் நிண்ட ரஷ்ய ஆமி வடக்கிலை இருந்து ரோக்கி சுரங்கப் பாதையாலை பெருமெடுப்பிலை வந்தது. 12 ஆம் திகதி பிரான்ஸ் ஜனாதிபதி சார்க்கோசி தலையிட்டு யுத்தநிறுத்தம். மொத்தம் 5 நாள்.

இப்ப எண்ணிக்கைக்கு வருவம். துவங்கின கையோடை ஸ்கின்வாலியிலை செத்தது 1,400 பேர் எண்டினம். உடனை அது 2,000 ஆச்சு. இனப்படுகொலை எண்டு ரஷ்யாவிலை பெரிய இடத்திலை இருந்தே சொன்னவை. ரீவியிலை ஓயாமல் அதுதான் போனது.

இப்பிடி ஒரு எண் வந்தால் முதல் பாக்க வேண்டியது காயக்காரற்றை கணக்கு. செல்லடியிலை ஒருவர் செத்தால், பொதுவா ரெண்டு மூண்டு பேராவது காயப்படுவினம். அப்ப 2,000 பேர் செத்த இடத்திலை 4,000, 6,000 காயக்காரர் எங்கையோ இருக்க வேணும். ஸ்கின்வாலி ஆஸ்பத்திரியிலை மனித உரிமை ஆய்வாளர்கள் நேரை போய் விசாரிச்சினம். சண்டை நாள்களிலை வந்த காயக்காரர் 273, கொண்டுவந்த உடல்கள் 44. அதிலை ஆயுதக்காரரும் சனமும் சேர்த்தி. இந்த 44 தான் மொத்தம் எண்டும் சொல்லப்படாது. செல்லடிக்குள்ளை வெளிக்கிடேலாமல் கன சனம் தங்கடை ஆக்களை வீட்டு வளவுக்குள்ளையே தாட்டதுகள், அந்த உடல்கள் ஆஸ்பத்திரிக்கு வரேல்லை. ஆனால் 273க்கும் 2,000க்கும் இடையிலை இருக்கிற தூரத்தை வளவுக்குள்ளை தாட்டதை வைச்சு நிரப்பேலாது.

இன்னொண்டையும் கவனியுங்கோ. இந்தக் கணக்கு செல்லடிக்கும் குண்டுவீச்சுக்கும்தான் பொருந்தும். வரிசையிலை நிப்பாட்டிச் சுட்ட இடத்திலை காயக்காரர் குறைவாத்தான் இருப்பினம். அங்கை இதைப் பாவிச்சு, இவ்வளவு பேர் செத்திருக்காயினம் எண்டு சொல்ல வெளிக்கிட்டால் பெரிய அநியாயம்.

ரெண்டாவது, அந்த இடத்திலை அண்டைக்கு எத்தினை சனம் இருந்தது. ஸ்கின்வாலியிலை சண்டைக்கு முதல் ஏறத்தாழ 30,000 பேர். ஆனால் ஓகஸ்ட் முதல் கிழமையிலேயே பொம்பிளையள், பிள்ளையள் கன பேரை வடக்குப் பக்கம் ஏத்தி அனுப்பிப் போட்டினம். குடிசன மதிப்பீட்டு எண்ணை அப்பிடியே எடுத்தால் பிழைக்கும்.

மூண்டாவது, பெயர்ப் பட்டியல். பெயர், வயது, ஊர், செத்த இடம், திகதி, ஆயுதக்காரரோ சாதாரண சனமோ. இந்த ஆறும் இல்லாத எண், எண்ணினவன் இல்லாத எண். தென் ஒசேத்தியாப் பக்கம் பிறகு தயாரிச்ச பட்டியலிலை 365 பேர், அதிலை சண்டை பிடிச்ச ஆக்களும் அடக்கம். ரஷ்யாவின்ரை சொந்த விசாரணைப் பிரிவு கடைசியிலை உறுதிப்படுத்தின சாதாரண சனம் 162 பேர்.

162 எண்டது சின்ன எண் இல்லை. ஒவ்வொருத்தரும் ஒரு வீட்டு ஆள். அந்தச் சாவுக்கு மல்ரிபரல் அடிச்சவன் பதில் சொல்லியே ஆக வேணும். 2,000 எண்டு ஊதிப் பெருப்பிச்சதாலை அந்த 162 பேருக்கு ஒரு நியாயமும் கிடைக்கேல்லை.

கிடைச்சது வேறை. ஸ்கின்வாலிக்கு வடக்கையும் கிழக்கையும் கெக்வி, தமரஷேனி, குர்த்தா, எரெட்வி எண்டு ஜோர்ஜியச் சனம் இருந்த ஊர்கள். 2,000 பேரைச் சாக்காட்டினவங்கள் எண்ட கதை பரவின நேரம், ஆயுதத்தோடை திரிஞ்ச ஒசேத்தியக் கூட்டங்கள் அந்த ஊர்களுக்குள்ளை இறங்கினது. கொள்ளை அடிச்சு, வீடு வீடாக் கொளுத்தினவை. ஓடக்கூடிய ஆக்கள் முதலே ஓடிட்டினம், மிஞ்சினது கிழடுகட்டையள். அப்பிடிப் பிடிச்ச 160 பேரளவிலை, கூடுதலாக வயசு போனதுகள், ஸ்கின்வாலியிலை ஒரு நிலவறைக்குள்ளை ரெண்டு கிழமையளவிலை அடைச்சு வைச்சிருந்தவை. மல்ரிபரல் அடிக்கச் சொல்லி உத்தரவு போட்டது அந்தக் கிழவன் கிழவியளே? ஊதின எண்ணிக்கை பழிவாங்கலைத் தூண்டும் எண்டு ஆய்வாளர்கள் அந்தக் கிழமையே எச்சரிச்சவை.

அந்த வீடுகள் சண்டைக்குள்ளை பட்டு எரிஞ்சதோ, ஆள் நிண்டு கொளுத்தினதோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவை? இது எங்கடை ஊர்ச் சனத்துக்குக் கண்ணாலை தெரிஞ்ச விசயம். செல் விழுந்த வீட்டிலை சுவர் பிளந்து சரியும், நிலத்திலை கிடங்கு இருக்கும், சுத்தி மதில், மரம் எல்லாத்திலையும் செல் வெடிச்சுச் சிதறின பீஸ் கிழிச்ச அடையாளம் இருக்கும். கொளுத்தின வீட்டிலை நாலு சுவரும் நிக்கும், கூரை மட்டும் உள்ளுக்கை விழுந்திருக்கும், சன்னலுக்கு மேலை கரி ஏறியிருக்கும், பக்கத்து மரத்திலை பீஸ் அடையாளம் இருக்காது. செய்மதிப் படத்திலை மேலை இருந்து பாக்கேக்கை அது கூரையில்லாத பெட்டிகள் மாதிரித் தெரியும். ஐ.நா.வின்ரை செய்மதிப் படப் பிரிவு பாத்த படங்களிலை அந்த ஊர்களிலை கூடுதலான வீடுகள் இப்பிடித்தான் இருந்தது, தாங்கு சுவர் நிக்க, மரக் கூரை போய். அதோடை, யுத்தநிறுத்தத்துக்குப் பிறகும் அங்கை நெருப்பு எரிஞ்சது செய்மதியிலை பதிவாகியிருக்கு. சண்டை முடிஞ்ச ஊரிலை தன்பாட்டிலை வீடு பத்தாது.

இனி இதின்ரை மறுபக்கம். எண்ணைக் கூட்டிச் சொன்னால் ஒரு சனம் எரியுது. குறைச்சுச் சொன்னால் என்ன நடக்கும் எண்டதுக்கு வன்னியை விட வேறை உதாரணம் தேவையில்லை. 2009 தொடக்கத்திலை வன்னிக்குள்ளை 70,000 பேர்தான் எண்டு இலங்கை அரசாங்கம் சொன்னது. உள்ளை இருந்த முல்லைத்தீவு அரச அதிகாரியள் அனுப்பின கணக்கு 330,000. இப்ப பெருக்கிப் பாருங்கோ. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ உலர் உணவு எண்டு வைச்சால், 70,000 பேருக்கு 35 மெற்றிக் தொன். 330,000 பேருக்கு 165 தொன். ஒவ்வொரு நாளும் 130 தொன் இடிக்குது. அரிசி, பருப்பு, மா மட்டும் இல்லை, சேலைன் போத்தல், மயக்க மருந்து, காயத்துக்குக் கட்டுற துணி எல்லாம் இதே கணக்கிலைதான் வெட்டுப்படும். ஏப்ரல் கடைசியிலை உள்ளை 10,000 பேர்தான் மிச்சம் எண்டினம். அந்த நேரம் ஐ.நா.விட்டை இருந்த கணக்கு 127,177. முடிவிலை வெளியிலை வந்து செட்டிகுளம் மெனிக் பாம் மாதிரியான முகாம்களிலை இருந்த சனம் மட்டும் 280,000க்கு மேலை. சாப்பாட்டையும் மருந்தையும் குறைக்கிறதுக்காக வேணுமெண்டே குறைச்ச கணக்கைப் பாவிச்சது எண்டு 2011 இலை ஐ.நா. நிபுணர் குழு எழுதியிருக்கு.

ஆகவே ஒரு எண்ணைக் கண்டால் ரெண்டு பக்கமும் கேளுங்கோ: இது கூடினால் ஆருக்கு லாபம், குறைஞ்சால் ஆருக்கு லாபம்.

அடுத்தது பழி. இதுக்கு ரெண்டு கணக்குப் புத்தகம் வேணும், ரெண்டையும் கலக்கப்படாது. ஆர் துவங்கினது எண்டது ஒரு புத்தகம். துவங்கின பிறகு ஆர் ஆருக்கு என்ன செய்தது எண்டது மற்றது. ஐரோப்பிய ஒன்றியம் அனுப்பின விசாரணைக் குழு, ஹைடி தலியாவினி எண்ட சுவிஸ் இராஜதந்திரி தலைமையிலை, 2009 செப்ரெம்பரிலை அறிக்கை குடுத்தது. ஓகஸ்ட் 7 இரவு ஸ்கின்வாலிக்கு அடிச்சதைச் சட்டத்தாலை நியாயப்படுத்தேலாது, அது ஜோர்ஜியாவின்ரை பிழை. அது முதல் புத்தகம், அதுக்குள்ளையும் பல வருசமா நடந்த சீண்டலுகள் எழுதியிருக்கு. ரஷ்ய ஆமி தற்காப்பு எல்லையை மீறிப் போனது, தென் ஒசேத்தியாவிலை ஜோர்ஜியச் சனத்துக்கு இனச் சுத்திகரிப்பு நடந்தது. அது ரெண்டாவது புத்தகம். அறிக்கை வந்த அண்டைக்கு ரெண்டு அரசும் தங்களுக்குப் பிடிச்ச பக்கத்தை மட்டும் கிழிச்சு எடுத்துக் காட்டினவை. 2021 ஜனவரியிலை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு நடந்த கொலை, வீடு கொளுத்தினது, அந்த நிலவறைத் தடுப்பு எல்லாத்துக்கும் ரஷ்யா பொறுப்பு எண்டு தீர்ப்புச் சொன்னது. சண்டை நடந்த 5 நாளும் ரஷ்யாவின்ரை நியாயாதிக்கத்துக்குள்ளை வராது எண்டு விட்டிட்டுது. செல்லுக்குச் செத்த சனத்துக்கு அந்தக் கதவு மூடித்தான் கிடக்கு, எனக்கு இது இண்டைக்கும் பொறுக்கேலாத விசயம்.

அவங்கள் துவங்கினவங்கள்தானே, அனுபவிக்கட்டும் எண்டு கீழை கொமென்ற் போடுறவைக்குச் சொல்லுறன். 1949 நாலாவது ஜெனீவா உடன்படிக்கை, 33 ஆம் உறுப்புரை: ஒருத்தர் தான் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அனுபவிக்கக் கூடாது, கூட்டுத் தண்டனை தடை, பழிவாங்கல் தடை. எதிரி சட்டத்தை மீறினாலும் மற்றவனுக்கு அந்தச் சனத்திலை கைவைக்க உரிமை வராது.

எங்களுக்கு இது புத்தகத்தைப் பாத்து விளங்க வேண்டிய விசயமில்லை. 1983 ஜூலை 23 திருநெல்வேலியிலை 13 ஆமிக்காரர் செத்தவை. பழி விழுந்தது கொழும்பிலை கடை வைச்சிருந்த, கந்தோருக்குப் போன தமிழ்ச் சனத்திலை. அதைச் சொல்லுற வாயாலை மற்றதையும் சொல்ல வேணும். 1990 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்துக்கு ரெண்டு மணித்தியாலம் குடுத்துப் புலிகள் வெளியேற்றினவை. வடக்கு முழுதும் ஏறத்தாழ 75,000 பேர். சந்தேகம் எண்டு சொன்னது ஒரு சிலரிலை, தண்டிச்சது பால்குடிப் பிள்ளை வரைக்கும். 

எழுதேக்கை எப்பிடிப் பழி போடுறது? எழுவாயைப் பாருங்கோ. ‘ரஷ்யன்கள் கொளுத்தினவை’ எண்டு எழுதாமல், எந்தப் படை, எந்தக் கூட்டம், எந்த ஊர், எத்தினையாம் திகதி எண்டு எழுதுங்கோ. தெரியாட்டில் ‘ஆர் எண்டு இன்னும் உறுதியாகேல்லை’ எண்டு போடுங்கோ. ஒரு இனத்தின்ரை, மதத்தின்ரை பெயர் எழுவாயா வந்தால், அந்த வசனத்தை அனுப்பாதேங்கோ.

வீடியோவுக்குக் கெதியாச் சொல்லுறன். ஓடவிட்டு நாலைஞ்சு இடத்திலை ஸ்கிறீன்ஷொட் எடுத்து கூகிள் லென்ஸிலை போடுங்கோ, பழைய வீடியோ எண்டால் கூடுதலா அங்கையே பிடிபடும். கடைப் பலகை எழுத்து, வாகன இலக்கத் தகடு, மரத்தின்ரை இலை, ஆக்களின்ரை உடுப்பு பருவத்துக்குப் பொருந்துதோ பாருங்கோ. இரவிலை விமானத்தைச் சுட்டு விழுத்துற வீடியோ எண்டால் இன்னும் கவனம். ஆர்மா 3 எண்ட கேமின்ரை காட்சியளை உண்மைச் சண்டை எண்டு பரப்பினதாலை, 2022 இலை அதைச் செய்த கம்பனியே அறிக்கை விட வேண்டி வந்தது. உங்கடை ஆள் ஒருத்தர் அந்த இடத்திலை நிண்டு எடுத்தது எண்டால், வட்ஸ்அப்பிலை சும்மா அனுப்ப வேண்டாம். எடுத்த நேரம், இடம் போன்ற விவரமெல்லாம் அதிலை கழண்டு போயிடும். டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கோ, மூலப் பிரதியை அழிக்க வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. பிறகு விசாரணை எண்டு வந்தால் அதுதான் சாட்சி.

பிழையான எண்ணை ஏற்கனவே பகிர்ந்திட்டீங்கள் எண்டால், பேசாமல் அழிச்சுப்போட்டு இருக்காதேங்கோ. நீங்கள் அழிச்சாலும் மற்றவை போர்வேட் பண்ணினது அழியாது. அதே குறூப்பிலை, பழைய செய்திக்கு மறுமொழியா, இப்பிடிப் போடுங்கோ: ‘நான் நேற்று 2,000 எண்டு அனுப்பினது உறுதியாகாத எண். ஆஸ்பத்திரிக் கணக்கு 273 காயம், 44 உடல். பெயர்ப் பட்டியல் இன்னும் வரேல்லை. அனுப்பின ஆக்கள் இதையும் சேத்து அனுப்புங்கோ.’ திகதியும் நேரமும் கட்டாயம் போடுங்கோ, ஏனெண்டால் நாளைக்கு அந்தக் கணக்கும் மாறும்.