பெர்த்தா காசெரெஸைக் காப்பாற்ற முடியாத ஆதரவால் என்ன பயன்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். பூர்வகுடிகளின் நில உரிமை குறித்த சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “ஹோண்டுராஸின் பெர்த்தா காசெரெஸுக்கு உலகமே ஆதரவளித்தது, ஆனாலும் அவரைக் கொன்றுவிட்டார்கள். அப்படியிருக்க, வெளிநாட்டவர் காட்டும் ஒருமைப்பாட்டால் என்ன பயன்? அது ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவதாகாதா?”

முதற்பகுதியை மறுக்க முடியாது. மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸின் லென்கா பூர்வகுடியைச் சேர்ந்த பெர்த்தா, 1993இல் கோபின் என்னும் பூர்வகுடி உரிமை அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம் 2009லேயே ஹோண்டுராஸ் அரசிடம் கூறியிருந்தது. 2015இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் விருதும் அவருக்குக் கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே, மார்ச் 2ஆம் நாள் இரவு, லா எஸ்பெரான்சாவில் அவருடைய வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். விருது ஒருவரைப் புகழ்பெறச் செய்யும். வாசலில் காவல் நிற்காது.

ஆனால் தலையீடு என்ற இரண்டாம் பகுதியை என்னால் ஏற்க இயலவில்லை. ஏனெனில் வெளிநாடு அங்கே நுழைந்தது ஆதரவாளர்களின் வடிவில் அல்ல, பணத்தின் வடிவில். லென்கா மக்கள் புனிதமாகக் கருதும் குவால்கார்கே ஆற்றின் குறுக்கே அகுவா சார்க்கா என்னும் நீர்மின் அணையைக் கட்டத் தேசா என்ற நிறுவனம் முனைந்தபோது, அப்பகுதியின் ரியோ பிளாங்கோ மக்கள், பெர்த்தாவும் கோபினும் துணைநிற்க, 2013 ஏப்ரலில் சாலையை மறித்து அமர்ந்தார்கள். பூர்வகுடிகளின் நிலத்தைத் தொடும் திட்டங்களுக்கு முன்கூட்டியே அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிற, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையை ஹோண்டுராஸ் 1995இல் ஏற்றிருந்தும், முறையான கலந்தாய்வு நடக்கவில்லை என்பதே அவர்களுடைய முதன்மையான குற்றச்சாட்டு. அவ்வாண்டு ஜூலையில் தோமாஸ் கார்சியா என்ற அவ்வூர்த் தலைவரை ஒரு படைவீரர் சுட்டுக் கொன்றார். கட்டுமானத்தை ஏற்றிருந்த சீனாவின் சினோஹைட்ரோ அதே ஆண்டில் வெளியேறிவிட்டது. இத்தனைக்கும் பிறகு, 2014இல், நெதர்லாந்து அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் எஃப்.எம்.ஓ. வளர்ச்சி வங்கி இந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுக்க முன்வந்தது. பின்லாந்தின் ஃபின்ஃபண்டும் அதனோடு சேர்ந்துகொண்டது. தன் அரசின் வங்கி தன் பணத்தைக் கொண்டு என்ன செய்கிறது என்று ஒரு டச்சுக் குடிமகன் கேட்பதைத் தலையீடு என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

அந்தக் கேள்வியைக் கோபின் அமைப்பே பல காலமாக அந்த வங்கிகளிடம் கேட்டு வந்தது என்பதையும், ஐரோப்பியக் குழுக்கள் அதைத்தான் எடுத்துச் சென்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், வங்கிகளின் மனம் பெர்த்தாவின் கொலைக்குப் பிறகும் உடனே மாறவில்லை. இரு வாரங்கள் கழித்து நெல்சன் கார்சியா என்ற இன்னொரு கோபின் உறுப்பினரும் கொல்லப்பட்ட பின்னரே பணம் வழங்குவதை நிறுத்தி வைத்தன, 2017 ஜூலையில்தான் முறைப்படி விலகின. அணை எழவில்லை.

கொலை வழக்கிலும் இதே வகையான உதவி நடந்தது. பெர்த்தாவின் குடும்பத்தாரும் கோபினும் கேட்டுக்கொண்டதன் பேரில் பல நாடுகளைச் சேர்ந்த சட்ட வல்லுநர்கள் ஐவர் தனிக் குழுவாக இயங்கி, கைப்பேசித் தரவுகளையும் ஆவணங்களையும் ஆராய்ந்து, சதி சுட்டவர்களோடு முடிந்துவிடவில்லை, நிறுவனத்தின் மேல்மட்டம் வரை நீள்கிறது என்று 2017 நவம்பரில் அறிக்கை தந்தார்கள். 2018இல் எழுவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. தேசாவின் தலைவராக இருந்த, முன்னாள் ராணுவ உளவு அதிகாரி டேவிட் காஸ்தியோவும் 2021இல் குற்றவாளி எனக் கண்டறியப்பட்டு, மறு ஆண்டில் 22 ஆண்டு 6 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். கூலிக்குச் சுட்டவர்களோடு கோப்பை மூடிவிடும் வழக்கம் உள்ள ஒரு நாட்டில் இது சிறிய காரியமன்று.

அதே நாட்டின் வடகரையில் வாழும் கரிஃபூனா மக்களைப் பார்த்தால் இந்த உதவியின் எல்லையும் தெரிகிறது. ஆப்பிரிக்கர்களும் கரீபியப் பூர்வகுடிகளும் கலந்து உருவான இச்சமூகத்தை ஆங்கிலேயர் 1797இல் கரீபியக் கடலின் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து இப்பகுதிக்கு நாடு கடத்தினார்கள். தெலா நகராட்சி தன் எல்லையை விரித்து, திரியுன்ஃபோ தே லா குரூஸ் என்னும் கரிஃபூனா ஊரின் பொது நிலங்களை வெளியாருக்கு விற்கத் தொடங்கியபோது, அவர்களுடைய ஒஃப்ரானே அமைப்பு வழக்கைச் சர்வதேச அரங்குக்குக் கொண்டு சென்றது. அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றமும் 2015 அக்டோபரில் மக்களின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு தாளிலேயே கிடந்தது. 2020 ஜூலை 18 அன்று, காவல்துறைச் சீருடையில் வந்த ஆயுததாரிகள், ஊராட்சித் தலைவர் ஸ்னெய்டர் சென்தெனோ உட்பட நான்கு கரிஃபூனா ஆண்களை அவ்வூரிலிருந்து கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் திரும்பவேயில்லை.

ஆகவே, எந்த ஆதரவு பயன்தரும் என்று கேட்டால், கண்டன அறிக்கையில் கையெழுத்திடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். கடன் கொடுக்கும் வங்கியை, முதலீட்டாளரை, படைக்குப் பயிற்சி தரும் அரசை அவரவர் நாட்டிலேயே கேள்வி கேட்பது முதலில் வர வேண்டும். அதுவும் அந்த மண்ணின் மக்கள் எதைக் கேட்கிறார்களோ அதையே கேட்க வேண்டும். காணாமற்போன நால்வரைத் தேடுவதற்காகக் கரிஃபூனாக்களே 2021இல் சுன்லா என்னும் விசாரணைக் குழுவை அமைத்து, அரசின் புலனாய்வில் அதற்கு முறையான இடம் கோரினார்கள். வெளியிலிருந்து ஆதரவளிக்க விரும்புவோர் ஹோண்டுராஸ் அரசுக்கு மனு அனுப்பும்போது, தங்கள் சொந்த யோசனைகளைச் சேர்க்காமல் இந்தக் கோரிக்கையை முதலில் எழுதலாம்.