இடது கை அறிந்தவை

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு கால்நடை மருத்துவன். கரூர், திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் இருக்கும் அரசுக் கால்நடை மருந்தகங்களில் 31 வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தபோது, எங்கிருந்து தொடங்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் என் இடது கையிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது. வலது கைப் பழக்கம் உள்ள கால்நடை மருத்துவர்கள் பலரும் மாட்டின் வயிற்றுக்குள் விடுவது இடது கையைத்தான். எழுதவும் ஊசி போடவும் வலது கை வேண்டுமே.

ஒரு மார்கழி இரவு. மணி 2 இருக்கும். கதவைத் தட்டினார் ஒருவர். "டாக்டருங்க, சாயங்காலத்துல இருந்து முக்குதுங்க. ஒத்தக் காலு மட்டும் தெரியுது, தலையக் காணோம்" என்றார். தலைச்சன் கிடாரி. வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து 9 கிலோமீட்டர் போனோம். தொழுவத்தில் அவருடைய அம்மா அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோப்புத் தண்ணீரில் கையைக் கழுவி, தோள்வரை வழுவழுப்பாக்கிக்கொண்டு உள்ளே விட்டேன். கன்றின் தலை விலாப் பக்கமாக மடிந்து கிடந்தது. ஒரு முன்னங்காலும் மடங்கியிருந்தது. இந்த நிலையில் வெளியே தெரியும் காலைப் பிடித்து நாலு பேர் இழுத்தால் தாயும் போகும், கன்றும் போகும். முதலில் கன்றை உள்ளே தள்ள வேண்டும். அப்போதுதான் தலையைத் திருப்ப இடம் கிடைக்கும். மாடோ வெளியே முக்குகிறது. ஒவ்வொரு முக்கலுக்கும் என் கை கன்றுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நசுங்கும். விரல்கள் மரத்துப்போகும். அப்போது கையை அசைக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும். வலி அடங்கியதும் அடுத்த முக்கல் வருவதற்குள் கொஞ்சம் தள்ள வேண்டும்.

அப்படித் தடவிக்கொண்டே போனபோது கன்றின் வாய் அகப்பட்டது. உள்ளே ஒரு விரலை விட்டேன். அது சப்பியது.

அந்தச் சப்பலுக்காகத்தான் நாங்கள் விரலை விடுவோம். கன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சோதனை அது. பாடத்தில் படிக்கும்போது ஒரு வரி. அந்தத் தொழுவத்தில், முழங்கைக்கு மேல் ரத்தமும் நீருமாகப் படுத்துக் கிடக்கையில், இன்னும் வெளியுலகையே பார்க்காத ஒரு ஜீவன் விரலைச் சப்பும்போது மனசு என்ன ஆகும் என்று என்னால் சொல்லிவிட முடியாது. முக்கால் மணி நேரம் ஆனது. கயிறு போட்டுத் தலையைத் திருப்பி, காலை நேராக்கி, முக்கலோடு முக்கலாக இழுத்தோம். கிடாரிக் கன்று. மூக்கில் இருந்த சளியை வழித்துவிட்டு வைக்கோலால் தேய்த்தேன். தும்மியது. அந்த அம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைத்தான் முதலில் துடைத்துவிட்டார்.

இது அபூர்வமாக வருவது. அன்றாடம் அந்தக் கைக்கு இருக்கும் வேலை சினை ஊசியும் சினைப் பரிசோதனையும்தான். காலை 8 மணிக்கு மருந்தகம் திறக்கும்போதே வாசலில் மாடுகள் நிற்கும். உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜன் கொள்கலனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கும். ஒன்றை எடுத்து 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் 30 விநாடி வைத்து, உடனே போட்டுவிட வேண்டும். பருவத்துக்கு வந்த மாடு கத்தும்; காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை. தவறவிட்டால் 21 நாள் காத்திருக்க வேண்டும். கறவை வைத்திருப்பவருக்கு 21 நாள் என்பது தீவனச் செலவுக் கணக்கு. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் பொங்கலன்றும்கூட யாராவது வந்து நிற்பார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

சினை பார்ப்பதைக் கல்லூரியில் இப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள்: உள்ளே இருக்கும் குட்டி 2 மாதத்தில் சுண்டெலி அளவு, 3 மாதத்தில் எலி அளவு, 4 மாதத்தில் பூனைக்குட்டி அளவு. கண்ணால் பார்க்காமல், சாணத்துக்கு நடுவே குடலின் சுவர் வழியாகத் தொட்டு அதைச் சொல்ல வேண்டும். முகாம் நாட்களில் ஒரே காலையில் 50, 60 மாடுகளைப் பார்த்ததுண்டு. இன்று என் இடது தோளைக் காதுவரை தூக்க முடியாது. என்னோடு படித்தவர்களில் பலருக்கும் தோளோ இடுப்போ போய்விட்டது. உதைபட்டு முழங்கால் சிப்பி உடைந்தவர்களும் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்துகள் கண்ணுக்குத் தெரியாதவை. பணியில் சேர்ந்த மூன்றாவது வருடம், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று ஒரு மாட்டை ஓட்டி வந்தார்கள். வாயிலிருந்து எச்சில் கோடுகோடாக வடிகிறது, தீனி எடுக்கவில்லை. மாங்கொட்டையோ பனங்கொட்டையோ சிக்கிக்கொள்வது எங்கள் பக்கம் சாதாரணம். வாயைத் திறந்து பிடிக்கச் சொல்லி, கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. அப்போதுதான் மாடு கத்தியது. குரல் கரகரவென்று உடைந்திருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "நாய் ஏதாவது கடித்ததா?" என்று கேட்டேன். "போன மாசம் ஒரு நாய் மூஞ்சியில கவ்வுச்சுங்க, சின்னக் காயந்தான்" என்றார்கள்.

வெறிநோய். மூன்று நாளில் மாடு செத்தது. என் கையில் பல் உரசிய கீறல்கள் இருந்தன. மாட்டின் வாயைப் பிடித்த எங்கள் கால்நடைப் பராமரிப்பு உதவியாளருக்கும் கையில் காயம். இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 5 ஊசி போட்டுக்கொண்டோம். அந்தப் பாலைக் குடித்திருந்த வீட்டாரையும் அங்கே அனுப்பினோம். அந்த ஒரு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். உதவியாளருக்கு அப்போது மகள் பிறந்து இரண்டு மாதம். அவர் ஊசி முடியும்வரை குழந்தையைத் தூக்கவே இல்லை. அப்படித் தொற்றாது என்று எத்தனையோ முறை சொன்னேன். அவர் கேட்கவில்லை.

இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். எங்களுக்கு அப்போது யாரும் போடவில்லை. இளையவர்களைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான். மருத்துவரிடம் மட்டுமல்ல, கால்நடை ஆய்வாளரிடமும், உதவியாளரிடமும், தெருநாய்க் கருத்தடை மையங்களில் வலையும் கையுமாக நிற்கும் பையன்களிடமும் கேட்பேன். கடி முதலில் அவர்கள் மேல்தான் விழுகிறது.

இன்னொன்று கன்றுவீச்சு நோய், புருசெல்லா. குறைமாதத்தில் கன்று விழுந்த மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுத்தால் அது நமக்கும் வரும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி. மாதக்கணக்கில் ஆளைப் போட்டு வாட்டும். மலேரியாவா டைபாய்டா என்று அலைந்து, என்னவென்று தெரிவதற்குள் ஆள் பாதியாகிவிடுவார்.

இப்போது ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். வெக்கை நோய் என்ற பெயர் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஊரில் ஒரு மாட்டுக்கு வந்தால் தொழுவம் தொழுவமாகக் காலியாகும். 1954-இல் அதை ஒழிக்கத் தேசியத் திட்டம் தொடங்கியது. நடந்தும் சைக்கிளிலும் போய், பனிக்கட்டி நிரப்பிய குடுவையில் தடுப்பூசி மருந்தைச் சுமந்து, மாடு மாடாகப் போட்டார்கள். கயிற்றைப் பிடித்தவர்கள், சாமிமாடு என்று ஊசி போடவிடாத ஊர்களில் மணிக்கணக்காகப் பேசி நின்றவர்கள், எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது. 2011-இல் அந்த நோய் உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து அப்படி ஒழிந்தது இது ஒன்றுதான். அந்த அறிவிப்பு வந்த வாரம் என் மூத்த அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. செய்தித்தாளை மடித்து வைத்திருந்தார். "என் வாழ்க்கை வீண்போகல" என்றார். வேறொன்றும் பேசவில்லை. ஊரில் அவரை வாழ்த்த ஒருவர்கூட வரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

பால்சுரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் கறக்கும் மாடு கன்று போட்ட ஒன்றிரண்டு நாளில் படுத்துவிடும். கழுத்தை விலாவில் மடித்துக்கொண்டு, காது சில்லென்று ஆகி, செத்தது போலக் கிடக்கும். பெயரில் சுரம் இருந்தாலும் உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடுவதால் வருவது. நரம்பில் கால்சியம் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் இதயத் துடிப்பைக் கேட்டபடியே ஏற்றுவோம். பாட்டில் முடியும் நேரத்தில் மாட்டுக்கு உடம்பெல்லாம் நடுக்கம் எடுக்கும், ஏப்பம் விடும், சாணம் போடும். அப்புறம் எழுந்து நிற்கும். சுற்றி நிற்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அதே கை தோற்கும் நாளும் உண்டு. நகரத்தில் நாய் பூனை பார்க்கும் இளம் மருத்துவர்கள் என்னிடம் பேசுவார்கள். பல வருடமாகப் பார்த்துவந்த நாய்க்கு, குணமாகாத வேதனையில் கடைசி ஊசி போட வேண்டியிருக்கும். வீட்டார் அழுவார்கள். அடுத்த அறையில் தடுப்பூசிக்கு வந்த குட்டி காத்திருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கே போய்ச் சிரிக்க வேண்டும். காசில்லாமல் சிகிச்சையை நிறுத்திக்கொள்பவர்கள், பிழைக்கவில்லை என்றால் சண்டைக்கு வருபவர்கள், எல்லாம் ஒரே நாளில். அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையான மரணங்களை ஆராய்ந்தபோது, தற்கொலையால் இறப்பது மற்றவர்களைவிட ஆண் கால்நடை மருத்துவர்களிடம் சுமார் 2 மடங்கும் பெண்களிடம் 3.5 மடங்கும் இருந்தது. இதை யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தத் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளே, ராத்திரி தூக்கம் வராமல் போனால் உங்களுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த ஒருவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த மூத்த அதிகாரியைத்தான், அந்த வெறிநோய் மாதத்தில், இரவு 11 மணிக்கு. அவர் தூங்காமல் கேட்டார்.

மாடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆட்கள் உங்கள் தொழுவத்துக்கு வரும்போது ஒரு வாளி வெந்நீரும் சோப்பும் வெளிச்சமும் தயாராக வையுங்கள். மாட்டை நாய் கடித்திருந்தால், எத்தனை சின்னக் கீறலாக இருந்தாலும், கையை உள்ளே விடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குறைமாதத்தில் விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாமல், ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கூப்பிடலாம்.

வணக்கம்.