வெளியூர்க்காரர்களின் நகரம்

மதிப்பிற்குரிய பெரியோர்களே, தொழில் நண்பர்களே, வணக்கம்.

தென் சீனாவின் குவாங்சோ நகரில் நான் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுமாறு அழைத்திருக்கிறீர்கள். திருப்பூரில் அந்நகரின் பெயரை அறியாதவர் குறைவு. 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை அங்கே நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சிக்குப் போய் வந்தவர்களும், ஜிப்புக்கும் பொத்தானுக்கும் லேஸுக்கும் அந்த ஊர்ச் சந்தைகளில் நாள் முழுக்க அலைந்தவர்களும் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். பத்து நாள் விடுதியில் தங்கித் திரும்புகிறவருக்கு அந்நகரம் காட்டும் முகம் ஒன்று; வாடகைக்கு வீடு பிடித்துக் குடியிருப்பவருக்குக் காட்டும் முகம் வேறொன்று. அந்த இரண்டாவது முகத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

துணியும் துணைப்பொருட்களும் வாங்கித் தரம் பார்த்து அனுப்பும் வேலைக்காக அங்கே போனேன். வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்று முதலில் போன இடம் காவல் நிலையம். விடுதிக்கு வெளியே தங்கும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தம் தங்குமிடத்தைக் காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். வீடு மாறினாலும் மறுபடி பதிய வேண்டும். அந்த ஒற்றைத் தாள் கையில் இருந்தால்தான் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த அனுமதியிலோ எந்த வேலைக்காக எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று எழுதியிருக்கும். வேலை போனால் அனுமதியும் போகும். அங்கே இருந்த காலமெல்லாம் என் மனத்தின் ஒரு மூலையில் அந்தத் தேதி உட்கார்ந்தே இருந்தது.

அடுத்து வந்தது பெயர்த் தொல்லை. தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரைத்தான் சேர்த்து எழுதுகிறோம். கடவுச்சீட்டில் எது முன், எது பின் என்பது நமக்கே சில நேரம் குழப்பம். வங்கி எழுத்தர் என் தந்தையின் பெயரை முன்னே போட்டு, இரண்டையும் இடைவெளியில்லாமல் ஒட்டிப் பதிந்தார். கைபேசி நிறுவனத்தில் என் பெயரை முன்னே போட்டு, இடைவெளி விட்டுப் பதிந்தார்கள். சீனாவில் கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் பணம் செலுத்தும் செயலியும் ஒரே பெயரில், எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஓர் இடைவெளி மாறியதற்காக மூன்று வாரம் வங்கிக்கும் கைபேசிக் கடைக்கும் நடந்தேன். அதற்குள் காய்கறிக்காரர் வரை எல்லோரும் கைபேசியில் பணம் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். நான் நீட்டிய 100 யுவான் நோட்டுக்குச் சில்லறை தேடி அவர்கள் அக்கம்பக்கக் கடைகளுக்கு ஓடியபோது, கையில் பணம் இருந்தும் வாங்க முடியாத நிலை எப்படியிருக்கும் என்பதை முதன்முறையாக உணர்ந்தேன்.

அந்நகரம் வெளிநாட்டவருக்குப் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தாங் அரச காலத்திலேயே அரபு, பாரசீக வணிகர்களுக்கென்று அங்கே தனிக் குடியிருப்பு இருந்தது. அவர்களின் பழம்பள்ளிவாசல் ஊர் நடுவே இன்றும் நிற்கிறது. 1757இல் சிங் பேரரசு மேலை நாட்டுக் கடல் வணிகம் முழுவதையும் குவாங்சோ என்ற ஒரே துறைமுகத்துக்குள் அடக்கியது. மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் கட்டிய பண்டகசாலைகளில்தான் மேலை நாட்டு வணிகர்கள் தங்கலாம். பெண்களை அழைத்துவரக் கூடாது. வணிகப் பருவம் முடிந்ததும் அருகிலுள்ள மக்காவ் துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும். அவர்களுக்குச் சீன மொழி கற்பிக்கும் உள்ளூர்க்காரருக்குத் தண்டனை உண்டு. 1842 வரை இதுதான் நடைமுறை. நம்மவர் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வடகிழக்கே உள்ள சுவான்சோவில் 1281இல் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பியதைத் தமிழிலும் சீனத்திலும் பொறித்த கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கோயிலும் அன்று சீனாவை ஆண்ட மங்கோலியக் கானின் பர்மான்படியே, அதாவது அரசாணைப்படியே, நிறுவப்பட்டது. அன்றும் அனுமதி வாங்கித்தான் தங்கினோம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், நான் ஒருவன்தான் அந்த ஊரில் அந்நியன் என்ற எண்ணத்தோடு வாழ்ந்தேன். அது தவறு என்று உணர்த்தியவர் என் தெருமுனையில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த ஓர் அம்மையார். மேற்கே உள்ள குவாங்சிப் பகுதியிலிருந்து வந்தவர். சாங்ஃபென் என்ற பலகாரம் செய்வார். ஊறவைத்து அரைத்த அரிசிமாவை நீர்க்கக் கரைத்து, தகரத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, இழுப்பறை போன்ற ஆவிப் பெட்டிக்குள் தள்ளுவார். ஒரு நிமிடத்தில் வெளியே இழுத்து, வெந்த ஏட்டைத் தகட்டால் சுரண்டிச் சுருட்டி, மேலே சோயா சாறு ஊற்றித் தருவார். அந்த ஆவியில் வந்தது நம் வீட்டு இட்லிக் கொப்பரையின் வாசம்தான். அவரைத் தாச்சியே, அதாவது பெரியக்கா என்று அழைப்பேன். அங்கே தம்மைவிட மூத்த பெண்களை அப்படி அழைப்பது வழக்கம்.

சீன மொழியில் வெளிநாட்டவரை வாய்குவோரென் என்பார்கள். வெளி மாகாணத்தாரை வாய்திரென் என்பார்கள். இரண்டிலும் முதலில் வரும் 'வாய்' என்ற சொல்லுக்கு 'வெளி' என்றுதான் பொருள். ஒரு நாள் நான் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போகிறேன் என்றதும், தட்டைச் சுரண்டிக்கொண்டே அவர் சொன்னார்: "நானும் என் தங்குச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். நாம் எல்லோருமே வாய்திரென்தானே." என்னை அந்தச் சொல்லுக்குள் ஒருவர் சேர்த்துக்கொண்டது அதுவே முதல் முறை.

அதன்பின்தான் நகரத்தைக் கண் திறந்து பார்த்தேன். 2020 கணக்கெடுப்பின்படி குவாங்சோவின் மக்கள்தொகை 1 கோடியே 86 லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிற ஊர்களிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள். முழுச் சீனப் பெருநிலத்திலும் அப்போது எண்ணப்பட்ட வெளிநாட்டவரோ 8,45,697 பேர் மட்டுமே. 1958இல் சட்டமான ஹுகோ என்ற குடும்பப் பதிவு முறைப்படி ஒருவரின் பதிவு சொந்த ஊரில் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளியும் மருத்துவச் சலுகையும் அந்தப் பதிவையே பெரும்பாலும் ஒட்டி நிற்கின்றன. சிற்றுண்டிக் கடை தாச்சியேயின் மகள் குவாங்சியில் பாட்டியிடம் வளர்ந்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் நாள்தோறும் பார்த்தது கைபேசித் திரையில்.

ஹைசு மாவட்டத்தில், சோங்தா துணிச் சந்தையை ஒட்டி, காங்லே என்ற நகர்க்கிராமம், அதாவது நகரம் வளர்ந்து சூழ்ந்துகொண்ட பழைய கிராமம், இருக்கிறது. எதிரெதிர் சன்னல்களில் நின்று கைகுலுக்கலாம் என்னும் அளவுக்கு நெருங்கிய கட்டடங்கள். மாடிக்கு மாடி தையல் எந்திரங்கள். தைப்பவர்களில் பெரும்பாலோர் ஹூபெய் மாகாணத்தார். காலையில் அந்தத் தெருவில் பட்டறைக்காரர்கள் ஆளுக்கொரு மாதிரி உடையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நிற்பார்கள். வேலை தேடி வருபவர் அந்த உடையைப் புரட்டி, தையலை இழுத்துப் பார்த்து, எத்தனை மடிப்பு, எத்தனை பாக்கெட் என்று எண்ணி, உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் பேசுவார். படிந்தால் அன்றைக்கு அங்கே உட்காருவார். படியாவிட்டால் அடுத்தவரிடம் நகர்வார். பீஸ் ரேட் என்றால் என்ன என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022 நவம்பரில் தொற்றுக்காக அந்தப் பகுதியை அடைத்து வைத்தபோது, கூலியும் இல்லாமல் ஊருக்கும் போக முடியாமல் தவித்த இந்தத் தொழிலாளர்கள்தான் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள்.

என் நிலையும் அவர்கள் நிலையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். எனக்கு நல்ல சம்பளம் இருந்தது; பிடிக்காவிட்டால் விமானம் ஏறித் திரும்ப ஓர் ஊரும் இருந்தது. வெளிநாட்டவர் மட்டும் கூடும் விருந்துகளில் "சீனர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை" என்ற புலம்பலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானும் கூடச் சேர்ந்து புலம்பியிருக்கிறேன். அந்த விருந்தில் பரிமாறிய பெண்ணையும் அந்நகரம் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அதை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். மொழி கற்காத வெளிநாட்டவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் கைபேசிக்குள்ளேதான் குடியிருக்கிறார் என்பேன்.

சீனப் புத்தாண்டுக்கு வெளியூர்க்காரர்கள் சொந்த ஊர் கிளம்பும்போது, அந்நகரம் யாரை நம்பி இருக்கிறது என்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். தெருவுக்குத் தெரு கடைக் கதவுகள் கீழே இறங்கும். சிவப்புத் தாளில் திரும்பி வரும் தேதி எழுதி ஒட்டியிருக்கும். காலையில் நெரிசலில் மூச்சுமுட்டும் மெட்ரோவில் படுத்தே போகலாம். நகரத்தை நடத்திக்கொண்டிருந்தவர்கள் யார் என்பது அந்த இரண்டு வாரத்தில் தெரியும்.

2020 சனவரியில் பொங்கலுக்கு இங்கே வந்தேன். மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் அனுமதி வைத்திருந்த வெளிநாட்டவருக்கும் சீனா கதவை மூடிவிட்டது. வீட்டில் என் துணிமணிகளும் பாத்திரங்களும் கிடந்தன. அனுமதியில் இருந்த தேதி இங்கே இருக்கும்போதே கடந்துபோனது. வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. பொருட்களை எங்கோ கொடுத்துவிட்டார். 2023 ஏப்ரலில் புதிய விசாவோடு மறுபடி போனபோது, தெருமுனையில் வேறு கடை இருந்தது. மகள் மேனிலைத் தேர்வைச் சொந்த ஊரில் எழுத வேண்டியிருந்ததால், தாச்சியே கடையைக் கைமாற்றிவிட்டு குவாங்சிக்கே போய்விட்டார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

வந்துவிட்டேன் என்று அவருக்குக் கைபேசியில் செய்தி அனுப்பினேன். நலமா என்றோ, எப்போது வந்தாய் என்றோ அவர் கேட்கவில்லை. உடனே வந்த பதில் ஒரே வரி: "காவல் நிலையத்தில் பதிந்துவிட்டாயா?"

அதைப் படித்தபோது நான் அந்த வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.