பிடித்தவர் பெயர் ஊருக்குத் தெரியும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா அரை மணி நேரம் கம்பனைப் பற்றி அருமையாகப் பேசினார். நான் மீன் ஆய்வதைப் பற்றிப் பேசப் போகிறேன். "வீட்டு நினைவு ஏதாவது பேசுங்க டீச்சர், சிரிக்கிற மாதிரி" என்று கேட்டவர் நம் செயலாளர். பழி அவரையே சேரும். சைவக்காரர்கள் யாராவது இருந்தால், வெளியே தேநீர் தயாராக இருக்கிறது. ஒரு இருபது நிமிடம் கழித்து வாருங்கள்.

எங்கள் ஊர் சிங்கம்புணரிப் பக்கம். கடலை நாங்கள் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான். எங்களுக்கு மீன் என்றால் கண்மாய் மீன். மாசி, பங்குனி தாண்டித் தண்ணீர் வற்றி முழங்காலுக்கு இறங்கியதும் ஊர் கூடி நாள் குறிப்பார்கள். அன்றைக்கு விடியுமுன்னே சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் கரையில் வந்து நிற்கும். சாமி கும்பிட்டு முடித்து ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசுவார். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் யார் மாமன், யார் மச்சான், யார் போன வருடம் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியவர் என்றே தெரியாது. எல்லாரும் ஒரே நிறம், சேற்று நிறம். புதுக்கோட்டை, சிவகங்கை, மேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடித்த மீனை விற்பது வழக்கமில்லை. வீட்டில் குழம்பு வைக்க வேண்டும், உறவுக்குக் கொடுத்துவிட வேண்டும். அன்று சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் புளியும் மல்லியும் கொதிக்கிற வாசனைதான்.

ஆண்கள் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். ஊத்தா தெரியும்தானே? மூங்கில் குச்சியில் பின்னிய, அடியும் மேலும் திறந்த கூடை. சேற்றில் சடக்கென்று அமுக்க வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் குச்சியில் முட்டும், கைக்குத் தெரியும். பிறகு மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். உள்ளே இருப்பது விராலா, கெளுத்தியா, தண்ணிப்பாம்பா என்பது கை போன பிறகுதான் தெரியும். என் சித்தப்பா ஒருமுறை மிகுந்த பெருமையோடு தலைக்கு மேல் தூக்கிக் காட்டியது ஆமை. கரையே சிரித்தது. அதை அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை.

அவர் சொல்வதெல்லாம் ஒரு விராலைப் பற்றித்தான். நான் சிறுமியாக இருந்தபோது அந்த விரால் முழங்கை நீளம். பெரிய பிள்ளை ஆனபோது ஒரு கை நீளம். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லும்போது இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் அப்பத்தா வெற்றிலையை இடித்துக்கொண்டே சொன்னது: "செத்த மீனு வருசா வருசம் வளர்றத இந்த வீட்டுலதான்டா பாக்குறேன்."

எங்கள் குடும்பத்தில் மீன் கதை என்றாலே பிடித்த கதைதான். யார் பிடித்தார், எத்தனை கிலோ, எந்த மடையோரம், எல்லாம் தேதியோடு இருக்கிறது. அந்த மீனை உரசியது யார், ஆய்ந்தது யார், அம்மியில் மசாலா அரைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். மௌனம். நான் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவள். அதனால் கொல்லைப்புறத்து வரலாற்றை இன்று பேசுகிறேன்.

ஆண்கள் மீனைக் கொண்டுவந்து கொல்லையில் கொட்டுவார்கள். உடனே அவர்களுக்குக் களைப்பு வந்துவிடும். கிணற்றடியில் குளித்து, திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். இந்தப் பக்கம் அம்மா, அத்தை, அப்பத்தா, நாங்கள் குட்டிகள். அப்புறம் பூனைகள். அவை வயதுவாரியாக உட்காரும். மூத்த பூனைக்குத்தான் அருவாமனைக்கு அருகில் இடம்.

விராலும் கெளுத்தியும் வழுவழுவென்று கையில் நிற்காது. அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்தால்தான் பிடி கிடைக்கும். கெளுத்தியின் இரண்டு பக்கத்து முள்ளும் முதுகு முள்ளும் பொல்லாதவை. குத்தினால் கை தோள்வரை கடுக்கும். அத்தைக்கு ஒருமுறை குத்தியபோது அப்பத்தா பதறவே இல்லை. பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை அதில் முக்கி வைக்கச் சொன்னது. இன்றைக்கும் மருத்துவர்கள் அதைத்தான் முதலுதவி என்கிறார்கள், அந்த நஞ்சு வெப்பம் தாங்காதாம். அப்பத்தாவுக்கு அந்தக் காரணம் தெரியாது, வெந்நீர் தெரியும். அத்தை ஒரு கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு மறு கையால் எங்களை வேலை வாங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அயிரையை அருவாமனையில் வைக்க முடியுமா? சுண்டுவிரலைவிடச் சின்னது. உயிரோடு தண்ணீரில் போட்டு வைத்து மண்ணைக் கக்க வைத்து, மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரச வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை தண்டனையாகவும் பயன்பட்டது. பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் அயிரை உரச வேண்டும். கணக்கில் எனக்கு இருக்கும் பயிற்சியைவிட அயிரையில் இருக்கும் பயிற்சி அதிகம்.

வயிற்றைக் கீறும்போது பித்தப்பை உடையக் கூடாது. உடைந்தால் பச்சையாக ஒழுகும், அந்தத் துண்டு முழுவதும் கசக்கும். சாப்பாட்டில் கசப்பு தட்டினால் அன்று யார் ஆய்ந்தது என்ற விசாரணை நடக்கும். பார்த்தீர்களா, எங்கள் பெயர் வருவது அந்த ஒரு இடத்தில்தான்.

கட்லா, ரோகு எங்கள் அப்பத்தா சிறுபெண்ணாக இருந்த காலத்தில் கண்மாயில் கிடையாது. அவை வடக்கே ஆற்று மீன்கள். தேங்கிய தண்ணீரில் தாமாக முட்டையிடாது. ஆற்றில் குஞ்சை அரித்து எடுத்துத்தான் வளர்க்க வேண்டியிருந்தது. ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டை இனத்து மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினம் என்கிறார்கள். அதற்குப் பிறகு பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்து மீன்குஞ்சு ஊர் ஊராகப் போனது. இதை நான் அப்பத்தாவிடம் பாடம் நடத்தினேன். "ஊசி போட்டுப் பெத்த மீனா? அதான் இம்புட்டு முள்ளு" என்றது. சௌத்ரி மேல் பழி போடுவது நியாயமில்லை. கெண்டை இனத்துக்கே சதைக்குள் கவட்டை போன்ற முள் உண்டு. அதனால்தான் எங்கள் வீட்டில் ரோகு சாப்பிடும்போது ஒருவரும் பேச மாட்டார்கள். தொண்டையில் முள் சிக்கினால் வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வார்கள். இப்போது மருத்துவர்கள் அப்படிச் செய்யாதே, முள் இன்னும் ஆழமாகப் போகும் என்கிறார்கள். வெந்நீரில் ஜெயித்த அப்பத்தா இதில் தோற்றது.

ஜிலேபி மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆப்பிரிக்காக்காரன். அதில் தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். ஒரு வருடம் கொல்லையில் கொட்டிய மீனில் ஒன்றை அம்மா எடுத்தபோது, வாயிலிருந்து பொலபொலவென்று குஞ்சுகள் பாத்திரத்தில் விழுந்தன. அத்தனையும் உயிரோடு. அப்பத்தா அருவாமனையைத் தள்ளி வைத்துவிட்டது. "புள்ளத்தாச்சிய ஆயாதடி" என்று தாயையும் குஞ்சையும் வாளியோடு தூக்கிக் கொல்லைக் கிணற்றில் விட்டது. புண்ணியம்தான். ஆனால் ஜிலேபிக்குப் பெருகுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அடுத்த கோடைக்குள் கிணற்றில் வாளியை விட்டால் தண்ணீருக்கு முன்னால் மீன் வந்தது. பாத்திரம் துலக்க எடுத்த தண்ணீரில் மீன், துணி அலசும் தொட்டியில் மீன். குளித்துக்கொண்டிருந்த தாத்தா ஒருநாள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஏதோ துள்ளுகிறது என்று கோவணத்தோடு ஓடிவந்தார். அந்தக் கிணற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

குழம்புக்கு வருவோம். அப்பத்தாவின் கணக்கு: மிளகாயும் மல்லியும் சீரகமும் அம்மியில் அரைபட வேண்டும். நல்லெண்ணெயில் வெந்தயம் சிவக்க வேண்டும், கருகக் கூடாது. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. புளி தாராளமாக. குழம்பு நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகுதான் மீன். காலம் இருந்தால் மாங்காய்த் துண்டும் விழும்.

புளி ஏன் தாராளம் என்பதற்குக் காரணம் உண்டு. கண்மாய் மீனில் ஒரு மண்வாடை இருக்கும். ஜியோஸ்மின் என்ற பொருள் அது. சேற்றிலும் பாசியிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. புளிப்பு அதைச் சிதைத்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் மழையில் மண்ணிலிருந்து எழுகிற வாசனையிலும் அதே ஜியோஸ்மின்தான் இருக்கிறது. மண்ணிலிருந்து வந்தால் கவிதை எழுதுகிறோம். சட்டியிலிருந்து வந்தால் சமைத்தவளைத் திட்டுகிறோம்.

மீன் விழுந்த பிறகு கரண்டி போடக் கூடாது. சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். புதிதாகக் கல்யாணமாகி வந்த சித்திக்கு இது தெரியாது. அவர் பிறந்த வீட்டில் சாம்பாருக்குப் போடுகிற மாதிரி கரண்டியை விட்டு நன்றாகக் கிண்டிவிட்டார். மீன் காணாமல் போய், முள் மட்டும் மிதந்தது. எல்லாரும் இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா மட்டும் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, "மீன எடுக்கிற சிரமமே இல்ல மதினி, நல்ல யோசனை" என்று எங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். ஆமையைத் தூக்கியவர் ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் மன்னிப்பேன்.

மறுநாள் பழைய சோற்றுக்கு அந்தச் சுண்டிய குழம்பு. அதற்கு நடக்கிற சண்டையைப் பற்றிப் பேசினால் எங்கள் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் தாண்டிவிடுகிறேன்.

இப்போது அந்தக் கிணறு. ஒருமுறை கண்மாயில் மீன்பிடி அன்றைக்கே பக்கத்து ஊரில் ஒரு வளைகாப்பு. பெண்கள் எல்லாரும் போயாக வேண்டும். "நாங்க பாத்துக்கிறோம், இதென்ன பெரிய வித்தை" என்றார் சித்தப்பா. அன்றைக்குத்தான் அவருக்கு அந்தப் பெயர்பெற்ற விரால் கிடைத்தது. விரால் கரையில் போட்டாலும் எளிதில் சாகாது. காற்றையும் சுவாசிக்கும். அதைக் கொண்டுவந்து கிணற்றடிக் கல்லில் வைத்து, சாம்பல் தொடாமல், வெறுங்கையோடு உரசத் தொடங்கியிருக்கிறார்கள். அது ஒரு வழுக்கு வழுக்கி, ஒரு துள்ளு துள்ளி, நேராகக் கிணற்றுக்குள். அப்பாவும் சித்தப்பாவும் எட்டிப் பார்த்தார்களாம். அது ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போனதாம். மிச்ச மீனையும் ஆயத் தெரியாமல் பூனைகளுக்குக் கொடுத்துவிட்டு, நாங்கள் வரும்போது இருவரும் முட்டைப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடமாக வளர்ந்துகொண்டிருந்த அந்த விராலை எங்கள் வீட்டில் ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை.

ஆனால் விரால் மற்ற மீனைத் தின்கிற மீன். கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்று ஜிலேபி குறைந்தது. வாளியில் தண்ணீர் மட்டும் வரத் தொடங்கியது. தாத்தா நிம்மதியாகக் குளித்தார். இதைக் கவனித்த சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் திட்டம் போட்டுத்தான் அத உள்ள விட்டேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அப்பத்தா அருவாமனையையும் ஒரு கொட்டாங்கச்சிச் சாம்பலையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துச் சொன்னது: "அம்புட்டுத் திட்டம் போடுறவன், அடுத்த வருசம் அயிரைய நீயே ஒரசு."

உரசினார், ஐயா. என் கண்ணால் பார்த்தேன். பூனைகூட நம்பவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வணக்கம்.