பிழையான ஆள் உள்ளே போனால்

வணக்கம் நேயர்களே. தொடர்கொலையாளிகள் பற்றியும், கைதான ஒருவர் நீதிமன்றங்களில் எந்தெந்தப் படி ஏறுகிறார் என்பது பற்றியும் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். நான் வன்னியில் வழக்குப் பேசும் சட்டத்தரணி. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2011 ஓகஸ்ட் உங்களுக்கு நினைவிருக்கும். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இருட்டில் வந்து பெண்களைத் தாக்குகிறான் என்று சொல்லப்பட்ட கிறீஸ் பூதம் பற்றிய பயம் நாடு முழுக்கப் பரவிய நாட்கள். நாங்கள் மீள்குடியேறி அதிக காலம் ஆகவில்லை. பல குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களில். கிளிநொச்சிக்கு மேற்கே என் அக்கா இருந்த கிராமத்தில், ஒரு பின்னேரம் பொட்டணி வியாபாரி ஒருவரைப் பிடித்து வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள். சேலைகள் அவிழ்ந்து மண்ணில் கிடந்தன. நைலோன் கயிறு இறுகி அவருடைய மணிக்கட்டு வெளுத்திருந்தது. டோர்ச்சை முகத்துக்கு நேரே அடித்து "உண்மையைச் சொல்லு" என்று கேட்க, அவர் திரும்பத் திரும்பத் தன் ஊரையும் மனைவியின் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் கிராம அலுவலர் வந்து, அடையாள அட்டையைப் பார்த்து அவிழ்த்துவிட்டார்.

கட்டியவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளை நினைத்துப் பயந்துபோன தகப்பன்மார். ஆனால் அன்று உண்மையிலேயே ஒரு கொலைகாரன் அந்தப் பக்கம் திரிந்திருந்தால், ஊரே அந்த மரத்தடியில் நின்ற இரண்டு மணித்தியாலமும் அவனுக்குத்தானே வாய்ப்பு?

தொடர்கொலையாளி என்றால் யார்? ஒருவனே, வெவ்வேறு சந்தர்ப்பங்களில், இரண்டு பேரையோ அதற்கு மேலோ கொல்வது என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2005இல் கூட்டிய நிபுணர்கள் வரையறுத்தார்கள். கொலைக்கும் கொலைக்கும் இடையில் அவன் வேலைக்குப் போவான், கோயிலுக்கு வருவான். பைத்தியக்காரன், தனியன், ஊர் ஊராய்த் திரிபவன் என்ற எண்ணங்களையும் அந்த நிபுணர்கள் ஏற்கவில்லை. பலருக்குக் குடும்பமும் தொழிலும் இருந்தன. பெரும்பாலானோர் தமக்குப் பழகிய சுற்றுவட்டத்திலேயே கொன்றார்கள்.

லண்டனில் ரில்லிங்டன் பிளேஸ் என்ற தெருவில் 10ஆம் இலக்க வீடு. 1949இல் மேல்மாடியில் திமோதி எவன்ஸ், மனைவி பெரில், ஒரு வயதுக் குழந்தை ஜெரால்டின். கீழே ஜோன் கிறிஸ்டி; போர்க்காலத்தில் துணைப் பொலிஸாக இருந்தவர், மெதுவாகப் பேசுபவர். தாயும் பிள்ளையும் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார்கள். எவன்ஸுக்கு எழுத்து வாசிப்பு சரியாக வராது. பொலிஸாரிடம் மாற்றி மாற்றி வாக்குமூலம் கொடுத்து, கடைசியில் தானே செய்ததாகச் சொன்னார். நீதிமன்றத்தில் அதை மறுத்து, கிறிஸ்டிதான் கொன்றார் என்றார். அந்தக் கிறிஸ்டியோ அரச தரப்பின் முக்கிய சாட்சி! 1950 மார்ச்சில் எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து அதே வீட்டின் குசினிச் சுவருக்குப் பின்னால் மூன்று பெண்களின் உடல்கள் கிடைத்தன. நிலப் பலகைக்குக் கீழே கிறிஸ்டியின் மனைவி. தோட்டத்தில் இன்னும் இரண்டு பெண்களின் எலும்புகள், அவை எவன்ஸ் கைதாவதற்கு முன்பே புதைக்கப்பட்டவை. பெரிலைக் கொன்றதையும் கிறிஸ்டி ஒப்புக்கொண்டார். எவன்ஸுக்கு மன்னிப்புக் கிடைத்தது 1966இல். பிழையான ஆளைப் பிடித்து வழக்கை முடித்த பிறகு செத்தவர்கள் மட்டும் நான்கு பெண்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

சரி, இங்கே இலங்கையில் சட்டம் என்ன சொல்கிறது? பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராகச் சாட்சியமாக்க முடியாது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 25ஆம் பிரிவு. அவர் சொன்னதைக் கொண்டு கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய பகுதியை மட்டும் 27ஆம் பிரிவின்படி காட்டலாம். பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் கதை வேறு என்பது இந்த மண்ணில் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது சாதாரணக் கொலை வழக்கு.

கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும் என்பது பொதுவிதி. நீதவான் விளக்கமறியலில் வைப்பார், தவணைக்குத் தவணை அது நீளும். கொலைக் குற்றச்சாட்டென்றால் நீதவானிடம் பிணை கேட்டுப் பயனில்லை; 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டப்படி மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். "எத்தனை தரம் கேட்டும் நீதவான் விடுறார் இல்லை" என்று அழும் தாய்மாருக்கு இதை ஒருவரும் விளங்கப்படுத்துவதில்லை. பிறகு வழக்குக் கோவை அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரிடம் போகும். அவர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தால்தான் மேல் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை தொடங்கும். அங்கே சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும்.

இதற்கிடையில் ஒரு படி இருக்கிறது, அடையாள அணிவகுப்பு. உருவத்தில் ஒத்த ஆட்களுக்கு நடுவில் சந்தேகநபரை நிறுத்தி, "நீங்கள் கண்ட ஆள் இதில் இருக்கிறாரா?" என்று நீதவான் முன்னிலையில் சாட்சியைக் கேட்பார்கள். ஒரு வழக்கில் வயதான அம்மா ஒருவர் தயங்காமல் என் கட்சிக்காரரை, அதாவது நான் வழக்குப் பேசியவரை, தொட்டுக் காட்டினார். பிறகு விசாரணையில் நான் கேட்டேன்: "அணிவகுப்புக்கு முதல் இவரை எங்கேயாவது கண்டீங்களா அம்மா?"

"பேரன்ரை போனிலை கண்டனான் ஐயா. எல்லாரும் அனுப்பினவை."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வேலிக்கரையில் இருட்டில் கண்ட முகமும் போனில் கண்ட முகமும் அவர் மனதில் ஒன்றாகிவிட்டன. பிரித்துச் சொல்ல அவருக்கே முடியவில்லை. கூண்டில் நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். என் கட்சிக்காரர் விடுதலையானார். செத்தது அந்த அம்மாவின் தங்கச்சி. அவரைக் கொன்றது யார் என்பது இன்றுவரை தெரியாது.

கைதானவரின் படம் உங்கள் போனுக்கு வந்தால், தயவுசெய்து இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். வணக்கம்.