பக்கத்து ஊர் நக்கலும் எரிஞ்ச கடைத்தெருவும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பின்னாடி நிக்கறவங்க முன்னாடி வந்து உக்காருங்க, சேர் காலியாத்தான் இருக்கு. இங்கிலாந்துக்காரங்க நக்கலைப் பத்தியும் அங்க நடந்த கலவரத்தைப் பத்தியும் பேசுங்கன்னு கூப்பிட்டீங்க, அதுவும் கோயமுத்தூர்ல, குசும்புக்குன்னே பேர் வாங்கின ஊர்ல. திருநெல்வேலிக்கே போய் அல்வா விக்கற கதைதான், இருந்தாலும் ஒத்துக்கிட்டேன், பேசிடறேன்.

நான் பீளமேட்டுக்காரன். 14 வருஷமா வாரிங்டன்னு ஒரு ஊர்ல இருக்கேன். மேப்புல பாத்தா இந்தப் பக்கம் லிவர்பூல், அந்தப் பக்கம் மான்செஸ்டர், நட்ட நடுவுல நாங்க. வேலைக்கு சேந்த ரெண்டாவது நாள் டீ குடிக்கற எடத்துல ஒரு லிவர்பூல்காரர் எந்த ஊருன்னு கேட்டார். நானும் பெருமையா, எங்க ஊருக்கு தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு பேருங்கன்னு சொன்னேன். அந்த மனுஷன் டீ கப்பை கீழ வெச்சிட்டு, முகத்தை துக்க வீட்டுக்கு வந்த மாதிரி வெச்சுக்கிட்டு, "அச்சச்சோ, அவ்ளோ மோசமா உங்க ஊரு?"ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல இருந்த மான்செஸ்டர்காரர்தான் விழுந்து விழுந்து சிரிச்சார்.

அந்த சிரிப்புக்குப் பின்னாடி 100 வருஷத்துக்கு மேல ஆன ஒரு வாய்க்கால் தகராறு இருக்குங்க. மான்செஸ்டர் பஞ்சாலை ஊர், லிவர்பூல் துறைமுகம். பஞ்சு கப்பல்ல வந்து லிவர்பூல்ல எறங்கணும், துணி லிவர்பூல்ல இருந்துதான் வெளிய போகணும். ரெண்டு தடவையும் துறைமுகத்துக்காரனுக்கு காசு அழணும், 1830ல ரெண்டு ஊருக்கும் நடுவுல ரயில் விட்ட பொறவு ரயில்காரனுக்கும் அழணும். லிவர்பூல்ல இருக்கறவன் ஜென்டில்மேன், மான்செஸ்டர்ல இருக்கறவன் வெறும் மேன்னு ஒரு பழைய சொலவடையே உண்டு. ஒருத்தன் கையில கிரீஸ், இன்னொருத்தன் கையில கணக்கு நோட்டு, அதான் வித்தியாசம். பொறுத்து பொறுத்து பாத்த மான்செஸ்டர்காரங்க, உங்க துறைமுகமே வேண்டாம்டா, கப்பலை எங்க ஊருக்கே கொண்டு வர்றோம்னு கெளம்பிட்டாங்க. பார்லிமென்ட்ல லிவர்பூல் தரப்பு எதிர்த்து ரெண்டு தடவை மசோதா படுத்துச்சு, மூணாவது தடவை 1885ல பாஸ் ஆச்சு, 1894ல 36 மைல் நீளத்துக்கு, கடல்ல போற கப்பலே உள்ள வர்ற மாதிரி வாய்க்கா வெட்டி முடிச்சு விக்டோரியா மகாராணியக் கூப்பிட்டு திறந்து வெச்சாங்க. கடலே இல்லாத ஊர் துறைமுகம் ஆயிடுச்சு. இதுல வேடிக்கை, மான்செஸ்டர் நகரச் சின்னத்துல 1842லயே கப்பல் இருக்கு, வாய்க்கா வர்றதுக்கு 50 வருஷம் முன்னாடியே. இன்னிக்கும் அந்த ஊர் ஃபுட்பால் டீம் ரெண்டோட சின்னத்துலயும் அந்தக் கப்பல் ஓடிட்டு இருக்கு பாருங்க.

அந்த வாய்க்கா எங்க வாரிங்டன் வழியாத்தான் போகுது. கப்பல் வந்தா ரோட்டுப் பாலம் அப்படியே திரும்பி வழி விடும், நாம கார்ல உக்காந்து வேடிக்கை பாக்கணும். ஆபீசுக்கு லேட்டா போனா "பாலம் திரும்பிடுச்சு"ன்னு சொன்னா போதும், மேனேஜர் ஒண்ணும் கேக்கமாட்டார். நான் கப்பலே வராத நாள்லயும் சொல்லியிருக்கேன்.

லிவர்பூல்காரனுக்கு ஸ்கவுசர்னு பேர். அது ஒரு குழம்போட பேருங்க, கப்பல்காரங்க சாப்பிட்ட கறி உருளைக்கிழங்கு வெங்காயம் எல்லாம் போட்டு வேக வெச்ச குழம்பு. கறி வாங்க காசில்லாத அன்னிக்கு கறியே போடாம வைப்பாங்க, அதுக்கு குருட்டு ஸ்கவுஸ்னு பேர். இல்லாமையையே கிண்டல் பண்ணி சமையலுக்கு பேர் வெச்ச ஜனம், இதை ஞாபகம் வெச்சுக்கங்க. மான்செஸ்டர்காரன் மேன்க். நடுவுல இருக்கற எங்களுக்கு லிவர்பூல்காரன் வெச்ச பேர் வுல்லிபேக், முதுகுல ஆட்டு ரோமம் ஒட்டினவன்னு அர்த்தம், பட்டிக்காட்டான். அந்தப் பேர் எனக்கும் சேத்துதான். முதல்ல கோவம் வந்துச்சு, பொறவு யோசிச்சா, அந்த ஊர்ல என்னைக் கலர் பாக்காம திட்டின ஒரே வார்த்தை அதுதான்.

வடக்க போனா இன்னும் தமாஷ். ஹார்ட்டில்பூல்னு ஒரு கடலோர ஊர். நெப்போலியன் சண்டை சமயத்துல ஒரு கப்பல் உடைஞ்சு ஒரு குரங்கு மட்டும் கரை ஒதுங்குச்சாம், இவங்க பிரெஞ்சுக்காரனை பாத்ததே இல்லையாம், இதுதான் பிரெஞ்சு உளவாளின்னு விசாரிச்சு தூக்குல போட்டுட்டாங்களாம். நடந்ததான்னு எல்லாம் கேக்காதீங்க, கட்டுக்கதைதான். ஆனா சுத்துப்பட்டு ஊர்க்காரங்க இன்னிக்கும் குரங்கைத் தூக்குல போட்டவனுங்கன்னுதான் கூப்பிடறாங்க. ஹார்ட்டில்பூல்காரங்க கோவிச்சுக்கிட்டாங்களா? ஃபுட்பால் டீமுக்கு குரங்கு வேஷத்தையே சின்னமா வெச்சாங்க, 2002ல மேயர் எலக்‌ஷன்ல அந்த குரங்கு வேஷம் போட்ட ஆளு ஸ்டூவர்ட் ட்ரம்மண்ட், ஸ்கூல் பசங்களுக்கு இலவச வாழைப்பழம்னு சொல்லி நின்னு ஜெயிச்சார், அதோட நிக்காம மூணு தடவை ஜெயிச்சார். பக்கத்து ஊர் நக்கலை இப்படி வாங்கி மடியில கட்டிக்கறது ஒரு தெம்புங்க.

கலவரத்துக்கு வர்றேன். இங்கிலாந்துக்காரன்னா க்யூல நிக்கறவன், சாரி சொல்றவன்னு நமக்கு ஒரு நெனப்பு. அந்த ஊர் சரித்திரத்தை பொரட்டினா அப்பப்போ தெரு எரிஞ்சுட்டே இருக்கு. 1766ல நாட்டிங்ஹாம்ல சந்தை நோம்பியில சீஸ் விலை ஏறிப்போச்சு, லிங்கன்ஷயர்ல இருந்து வந்த வியாபாரிங்க மொத்தமா வாங்கி வெளியூருக்கு கொண்டு போறாங்க, நம்ம ஊர் சீஸ் நம்ம ஊர்லதான் இருக்கணும்னு பசங்க கடையில புகுந்து வட்டு வட்டா சீஸை ரோட்டுல உருட்டி விட்டாங்க. சமாதானம் பண்ண வந்த மேயரை உருண்டு வந்த சீஸ் ஒண்ணு தள்ளி விட்டுடுச்சு. சிரிக்கறீங்க, நானும் சிரிச்சேன். ஆனா பொறவு ராணுவம் வந்துச்சு, துப்பாக்கிச் சூட்டுல ஒரு ஆள் செத்தார். 1819ல மான்செஸ்டர்ல செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்துல ஓட்டுரிமை கேட்டு ஏறக்குறைய 60,000 பேர் கூடினாங்க, குதிரைப்படை வாளோட உள்ள பூந்துச்சு, குறைஞ்சது 15 பேர் செத்தாங்க. நாலு வருஷம் முன்னாடிதான் வாட்டர்லூல நெப்போலியனை ஜெயிச்சிருந்தாங்க. உள்ளூர் பத்திரிகை ஒண்ணு இதுக்கு பீட்டர்லூன்னு பேர் வெச்சுச்சு. நெப்போலியனை ஜெயிச்ச வீரனுங்க இப்ப சொந்த ஊர் நெசவாளிய ஜெயிச்சிட்டாங்கன்னு அர்த்தம். பல்லைக் கடிச்சிட்டு சிரிக்கற சிரிப்பு அது. 200 வருஷம் ஆச்சு, சரித்திரப் புத்தகத்துல அந்தப் பேர்தான் நின்னுச்சு.

நான் முக்கியமா பேச வந்தது 1981. லிவர்பூல்ல டாக்ஸ்டெத்னு ஏரியா, உள்ளூர்க்காரங்க லிவர்பூல் 8னுதான் சொல்லுவாங்க, அது போஸ்டல் நம்பர். பிரிட்டன்லயே ரொம்ப காலமா இருக்கற கருப்பினச் சமூகங்கள்ல ஒண்ணு அங்க இருக்கு. ஊர் அப்ப எப்படி இருந்துச்சுன்னா, ஒரு காலத்துல எட்டரை லட்சம் பேர் இருந்த ஊர்ல 5 லட்சம்தான் மிச்சம். கப்பல் எல்லாம் கன்டெய்னர் ஆயிடுச்சு, 100 பேர் தூக்கின மூட்டையை ஒரு கிரேன் தூக்குது, வியாபாரம் ஐரோப்பா பக்கம் திரும்பினதுல மேற்கு பாத்த துறைமுகம் தப்பான பக்கத்துல மாட்டிக்கிச்சு. அந்த வருஷம்தான் டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலையும் மூடினாங்க. இது போதாதுன்னு போலீஸ் ரோட்டுல போற பையனை எல்லாம் சந்தேகம்னு சொல்லி நிறுத்தி நிறுத்தி சோதனை போட்டுச்சு. ஜூலை 3ஆம் தேதி ராத்திரி ஒரு இளைஞரைப் பிடிக்கப் போக, கூட்டம் மறிக்க, ஆரம்பிச்சது நாள் கணக்குல ஓடுச்சு. பால்காரர் வண்டிய எல்லாம் எடுத்து போலீஸ் வரிசைக்கு நேரா ஓட விட்டாங்க. 468 போலீஸ்காரங்களுக்கு காயம், 70 கட்டடத்துக்கு மேல இடிச்சே ஆகவேண்டிய அளவுக்கு எரிஞ்சு போச்சு. பிரிட்டன் மெயின்லேண்டுல கலவரக் கூட்டத்து மேல கண்ணீர்ப் புகை அடிச்சது அதுதான் முதல் தடவை. ஒரு வாரத்துக்குள்ள மான்செஸ்டர் மாஸ் சைடுலயும் இதே கூத்து, போலீஸ் ஸ்டேஷனையே சுத்தி வளைச்சாங்க. வாய்க்காலுக்கு சண்டை போட்ட ரெண்டு ஊரும் ஒரே வாரத்துல ஒரே காரணத்துக்கு எரிஞ்சுது.

இப்ப ஒரு ஃபைல் கதை. கலவரத்துக்கு பொறவு மைக்கேல் ஹெசல்டைன்னு ஒரு மந்திரி லிவர்பூலுக்கே வந்து உக்காந்து, பேங்க் பெரியவங்களை எல்லாம் பஸ்ல ஏத்தி எரிஞ்ச தெருவ காட்டி, இந்த ஊர்ல காசு போடணும்னு மேலிடத்துக்கு எழுதினார். நிதி மந்திரி ஜெஃப்ரி ஹௌ, பிரதமர் தாட்சருக்கு வேற மாதிரி எழுதினார். தண்ணிய மேட்டுக்கு ஏத்தற வேலைக்கு இருக்கற காசைப் பூரா கொட்டக்கூடாது, ஊரை மெதுவா, கட்டுப்பாடா தேய விட்டுடலாமான்னு யோசிக்கலாம்னு. கூடவே ஒண்ணு சேத்தார் பாருங்க, இந்த வார்த்தைய தனியா பேசும்போதுகூட சொல்லக்கூடாதுன்னு. 30 வருஷம் கழிச்சு 2011 கடைசியில அந்த ஃபைல் வெளிய வந்துச்சு. எங்க ஆபீஸ் லிவர்பூல்காரர் அதை பேப்பர்ல படிச்சிட்டு, "எங்கப்பா பைத்தியக்காரன் இல்லைடா, ஊரை வேணும்னே தேய விடறாங்கன்னு அவர் சொன்னது நெசம்தான்"னு மட்டும் சொன்னார். அன்னிக்கு அவர் ஜோக்கே அடிக்கல, அதான் எனக்கு ஞாபகம் இருக்கு.

ஏன்னா அந்த 30 வருஷமும் நாடே அவங்கள வெச்சு ஜோக் அடிச்சுச்சு. சூட் போட்ட ஸ்கவுசர எப்படி கூப்பிடுவே? குற்றவாளி கூண்டுல நிக்கறவர்னு. மேட்ச்ல எதிர் டீம் ரசிகர்கள், போய் வேலையில்லாதோர் படிக்கு கையெழுத்து போடுன்னு பாடுவாங்க, பாடறவன்ல பாதி பேர் அதே க்யூல நின்னுட்டு வந்தவன். என் கணக்குல பக்கத்து ஊர்க்காரன் பாடறது வேற, லண்டன்ல மேசைக்குப் பின்னாடி இருக்கறவன் அந்த பாட்டை நம்பறது வேற. மான்செஸ்டர்காரன் உன்னை திருடன்னு சொன்னா நீ அவனை திருப்பி சொல்லிடலாம், ரயில்ல ஒண்ணா உக்காந்துதான வர்றீங்க. ஃபைல் எழுதறவனுக்கு எப்படி திருப்பி சொல்லுவே?

1989ல ஷெஃபீல்டு ஊர்ல ஹில்ஸ்பரோ ஃபுட்பால் மைதானத்துல நெரிசல்ல 97 லிவர்பூல் ரசிகர்கள் செத்தாங்க. நாலாவது நாள் சன் பத்திரிகை, செத்தவங்க பாக்கெட்டுல ரசிகர்களே திருடினாங்கன்னு முதல் பக்கத்துல உண்மைன்னு தலைப்பு போட்டு அச்சடிச்சுது, சுத்தப் பொய். அந்தப் பொய் எடுபட்டதுக்கு ஒரு காரணம் அந்த சூட் ஜோக்குதான், நாடு ஏற்கெனவே சிரிச்சு சிரிச்சு தயாரா இருந்துச்சு. லிவர்பூல்ல பேப்பர் கடை வெச்சிருக்கற நம்ம இலங்கைத் தமிழ் நண்பர் ஒருத்தர் இருக்கார், கடை வாங்கும்போது பழைய ஓனர் சாவியோட ஒரே ஒரு புத்தி சொன்னாராம், சன் மட்டும் வெச்சுடாதீங்க. இன்னிக்கு வரைக்கும் அவர் வெக்கல.

2011ல லண்டன் டாட்டன்ஹாம்ல ஆரம்பிச்சு பர்மிங்ஹாம், சால்ஃபோர்டு, மான்செஸ்டர் வரைக்கும் எரிஞ்சது உங்களுக்கே தெரியும், டிவியில பாத்திருப்பீங்க. அதுல ஹாக்னியில ஒரு தமிழர் கடையை துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க, அக்கம்பக்கத்து ஜனமே பணம் திரட்டி கடைய திருப்பி திறந்து குடுத்துச்சு. அது நம்ம ஆளுங்கறதால மட்டும் சொல்லல, சரி, அதனாலயும்தான்.

2024 மட்டும் கிட்ட இருந்து பாத்தேன். லிவர்பூலுக்கு வடக்க இருக்கற சவுத்போர்ட்டுல டான்ஸ் கிளாஸ்ல மூணு சின்னப் பொண்ணுங்கள குத்திக் கொன்னுட்டாங்க. கொன்னவன் படகுல வந்த முஸ்லிம் அகதின்னு ஒரு பொய்ப் பேர் போன்ல சுத்துச்சு. மறுநாள் சாயங்காலம் பள்ளிவாசல் செவுத்தையே பேத்து எறிஞ்சாங்க, அதுக்கு அடுத்த நாள் காலையில கொத்தனாருங்க கூலி வாங்காம அதே செவுத்தைக் கட்டினாங்க. எங்க ஏரியாவுல கடை எல்லாம் பலகை அடிச்சாச்சு, என் சம்சாரம் பையனை வெளிய விடல. பக்கத்து வீட்டு கெழவி வேலிக்கு மேல எட்டிப் பாத்து, "கவலைப்படாதே கண்ணு, ராத்திரி மழைன்னு சொல்லியிருக்கான், இவனுங்க தலைமுடி நனையும்னா வரமாட்டானுங்க"ன்னா. மழைதான் நல்ல போலீஸ்காரன்னு அங்க போலீஸே சொல்றதுதான். லிவர்பூல்ல ஒரு வயசான அம்மா கையில பிடிச்சிருந்த அட்டை ஊர் பூரா சுத்துச்சு: நாஜிகளுக்கு எதிரா பாட்டிமார். அவ்ளோதான் எழுதியிருந்துச்சு.

அந்த வாரம் லிவர்பூல் வால்டன் ஏரியாவுல ஸ்பெல்லோ லேன் லைப்ரரிய கொளுத்திட்டாங்க, பிள்ளைங்க வந்து படிக்கற எடம். ஊர் ஊரா ஜனம் காசு போட்டு 2 லட்சம் பவுண்டுக்கு மேல சேந்துச்சு, டிசம்பர்ல திறந்துட்டாங்க. எங்க லிவர்பூல்காரர் வீடு அந்தப் பக்கம்தான். திங்கக்கிழமை டீ டைம்ல நம்ம மான்செஸ்டர்காரர் ஒண்ணும் பேசாம போனை நீட்டினார், லைப்ரரிக்கு 20 பவுண்டு போட்டிருக்கார். இவர் ரொம்ப நேரம் அதையே பாத்தார், கண்ணு கலங்கிடுச்சுன்னு நான்கூட நெனச்சேன், அப்புறம் போனை திருப்பிக் குடுத்துட்டு கேட்டார், "உங்க ஊர்ல புஸ்தகம்னா என்னன்னு தெரியுமாடா?"