தங்கம் இரண்டு தடவை வந்த மாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

மாதா மாதம் பதினைந்தாம் தேதி வாக்கில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஒரு கணக்கை வெளியிடுகிறது. போன மாதம் இந்தியா எவ்வளவு சரக்கு ஏற்றுமதி செய்தது, எவ்வளவு இறக்குமதி செய்தது, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்ற கணக்கு. நமக்கு அநேகமாக எப்போதும் இறக்குமதிதான் கூடுதல் என்பதால் அந்த வித்தியாசத்துக்கு வர்த்தகப் பற்றாக்குறை என்று பெயர். அன்று மாலைச் செய்தியில் இத்தனை கோடி டாலர் பற்றாக்குறை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

நேராக 2024 டிசம்பர் 16-க்குப் போய்விடலாம். அன்று வந்த நவம்பர் மாதக் கணக்கில் பற்றாக்குறை 3,784 கோடி டாலர். அதுவரை எந்த மாதமும் அவ்வளவு போனதில்லை. பிரித்துப் பார்த்தால், தங்கம் மட்டும் 1,486 கோடி டாலருக்கு வந்திருந்தது. முந்தைய ஆண்டு நவம்பரைவிட நான்கு மடங்குக்கும் மேல். காரணம் சொல்வதற்கு யாரும் சிரமப்படவில்லை. கல்யாண சீசன், விலையேற்றம், ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாமே நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் ரூபாய் அதுவரை காணாத அளவுக்குச் சரிந்து, ஒரு டாலர் 84 ரூபாய் 90 காசை ஒட்டிப் போனது.

ஜனவரி தொடக்கத்தில் திருத்தம் வந்தது. நவம்பரில் வந்த தங்கம் 1,486 கோடி டாலருக்கு இல்லையாம், 984 கோடிக்குத்தானாம். ஒரே மாதம், ஒரே பொருள், 500 கோடி டாலர் வித்தியாசம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 1,170 கோடி டாலர் தங்கம் அதிகமாக எழுதப்பட்டிருந்தது. கடத்தல் தங்கம் கணக்கில் வராமல் போவது நமக்குப் பழகிய கதை. வராத தங்கம் கணக்கில் ஏறியது புதுசு.

நடந்தது இதுதான். வெளிநாட்டுத் தங்கத்தில் ஒரு பகுதி முதலில் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்குள் இருக்கும் கிடங்குகளுக்கு வருகிறது. பிறகு அங்கிருந்து வரி கட்டி உள்நாட்டுச் சந்தைக்கு எடுக்கிறார்கள். மண்டலங்களின் கணினிப் பதிவுகளைச் சுங்கத்துறையின் கணினிக்கு மாற்றும் வேலை அந்த ஆண்டில் நடந்துகொண்டிருந்தது. அதில் மண்டலத்துக்குள் நுழைந்தபோது ஒரு முறையும், வெளியே எடுத்தபோது இன்னொரு முறையும் அதே தங்கம் இறக்குமதியாகப் பதிவாகிவிட்டது. கல்யாண மண்டப வாசலில் ஒரு தடவை, பந்தியில் ஒரு தடவை என்று அதே ஆளை எண்ணிய மாதிரி. திருத்திய பிறகும் 984 கோடி சின்னத் தொகை இல்லை. ஆனால் சாதனை, அதிர்ச்சி என்று எழுதப்பட்ட தலைப்புகளில் ஒரு பங்கு கணினியின் கைவண்ணம்.

இதைச் சொல்வது கணக்குப் போடுகிறவர்களைக் குறை சொல்வதற்காக இல்லை. அந்த வேலையின் அளவைப் பாருங்கள். சென்னை, தூத்துக்குடி, முந்த்ரா, நவசேவா என்று எந்தத் துறைமுகமானாலும், விமான நிலையமானாலும், உள்ளே வரும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பில் ஆஃப் என்ட்ரி, வெளியே போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷிப்பிங் பில். அத்தனையும் கொல்கத்தாவில் உள்ள வணிகப் புலனாய்வு மற்றும் புள்ளியியல் தலைமை இயக்குநரகத்துக்குப் போய்ச் சேர்ந்து, பொருள்வாரியாகவும் நாடுவாரியாகவும் தொகுக்கப்படுகிறது. மாதம் முடிந்து இரண்டே வாரத்தில் முதல் கணக்கு வந்தாக வேண்டும். அவசரமாகப் போடுவதால் அதைத் தற்காலிகக் கணக்கு என்று அவர்களே சொல்லித்தான் தருகிறார்கள். அந்தச் சொல்தான் செய்திக்கு வரும்போது உதிர்ந்துபோகிறது.

இன்னொன்று. ஏற்றுமதியின் மதிப்பைக் கப்பலில் ஏற்றும் வரைக்கும் உள்ள விலையில் எழுதுகிறோம். இறக்குமதியின் மதிப்பில் கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்துவிடும். ஆக, கப்பல் வாடகை ஏறினால் ஒரு மூட்டை சரக்குகூடக் கூடாமலே பற்றாக்குறை கொஞ்சம் கூடும்.

சரி, கணினி ஒழுங்காக எண்ணிய மாதத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபரில் பற்றாக்குறை 4,168 கோடி டாலர், முந்தைய எல்லாவற்றையும் தாண்டியது. மறுபடியும் தங்கம்தான், 1,472 கோடி. தீபாவளி அந்த ஆண்டு அக்டோபர் 20. நகைக்கடைகள் சரக்கை நிரப்பிக்கொண்டன. விடுமுறை நாட்களில் ஏற்றுமதியும் மந்தமானது. அமெரிக்கா ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டிருந்ததால், ஏற்றுமதி படுத்துவிட்டது என்று பலரும் முடிவுகட்டினார்கள். அடுத்த மாதமே பற்றாக்குறை 2,453 கோடிக்கு இறங்கியது. ஏற்றுமதி முந்தைய ஆண்டு நவம்பரைவிட 19 சதவீதம் கூடியது. அமெரிக்காவுக்குப் போனதும்கூடக் கூடியது.

அப்படியானால் வரியால் பாதிப்பே இல்லையா? இங்கேதான் மொத்தத் தொகை நம்மை ஏமாற்றுகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்யப்படும் ஐபோனுக்கு அப்போது அந்த வரி இல்லை, ஸ்மார்ட்போன்களுக்கு விலக்கு இருந்தது. திருப்பூர் பனியனுக்கு 50 சதவீதமும் இருந்தது. இரண்டும் ஒரே ஏற்றுமதித் தொகையில்தான் சேர்கின்றன. போன் கூடினால் பனியன் குறைந்தது தெரியாது. பணத்தில் ஒரு பெட்டி போன் பல பெட்டி பனியனுக்குச் சமம், ஆனால் ஒரு பெட்டி பனியனுக்குப் பின்னால் நூல், சாயம், தையல், பேக்கிங் என்று இருக்கும் கைகளின் எண்ணிக்கை வேறு. டாலரில் போடும் கணக்குக்கு அது தெரியாது. என் கருத்தில், நம் ஊரில் இந்தக் கணக்கைப் படிக்கிறவர்கள் மொத்தத்தை விட்டுவிட்டு ஆயத்த ஆடை என்ற வரிக்குத்தான் முதலில் போக வேண்டும்.

இறக்குமதி என்றாலே நஷ்டம் என்ற எண்ணமும் சரியில்லை. குஜராத்தின் ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வரும் கச்சா எண்ணெயில் ஒரு பங்கு டீசலாகவும் பெட்ரோலாகவும் திரும்பக் கப்பல் ஏறுகிறது. சூரத்துக்கு வரும் பட்டை தீட்டாத வைரமும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கும் கொட்டை முந்திரியும் அப்படித்தான். ஆர்டர் பெருகும்போது இவற்றின் இறக்குமதி முதலில் கூடும், ஏற்றுமதி பிறகுதான் தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகு சரக்குக் கணக்கில் ஏற்றுமதி மிஞ்சியது இரண்டே ஆண்டுகளில்தான், 1972-73, 1976-77. மற்றபடி எப்போதும் பற்றாக்குறை. 2024-25-ல் அது 28,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆனாலும் சமாளிக்கிறோம். மென்பொருள் உள்ளிட்ட சேவைகளில் அதே ஆண்டு சுமார் 18,800 கோடி டாலர் உபரி. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பிய பணம் 13,500 கோடி டாலர் சொச்சம். இவையெல்லாம் மாலைச் செய்தியின் அந்த ஒரு வரியில் வராது. எல்லாம் சேர்த்த கணக்கை ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருகிறது. பரபரப்பு இல்லாததால் அதைப் பெரிதாக யாரும் படிப்பதில்லை.

அடுத்த பதினைந்தாம் தேதி செய்தி வரும்போது அமைச்சகத்தின் அறிக்கையை யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். பெட்ரோலியப் பொருட்களையும், தங்கம் உள்ளிட்ட நகை, ரத்தினங்களையும் கழித்தால் மிச்சம் என்ன என்பதற்குத் தனி அட்டவணை உண்டு. அப்புறம், முந்தைய மாதத்துக்குப் போன தடவை சொன்ன தொகையையும் இப்போது சொல்லும் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது.

வணக்கம்.